கொடிக்கு மேலே போன டேப்

ஓடெலுக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, பற்றி எரிந்தது. பத்தொன்பது வருடமாகத் தென் கரோலைனாவின் பெருமரப் பட்டியலில் ஓக் வரிசையில் முதலாவதாக நின்ற மரம் அவன் கண்டுபிடித்தது. இப்போது அவன் மனைவியின் தம்பி குவின்சி, அதைவிடப் பெரியது ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோரும் குவின்சியின் முதுகைத்தான் தட்டினார்கள். ஓடெலுக்கு அன்று மீன் வறுவல்கூட இறங்கவில்லை.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் ஓடெல். அந்த வேலையில் கிடைக்காத பெயரை அந்த ஓக் மரம் வாங்கிக் கொடுத்தது. ஆற்றோரக் காட்டுக்கு யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவான். வருடத்துக்குப் பத்துத் தடவை ஆறு கரை தாண்டிக் காட்டுக்குள் வரும். வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். அந்தச் சோற்றைத் தின்றுதான் இது இப்படி வளர்ந்திருக்கிறது என்பான். இருபத்திரண்டு அடி பதினோரு அங்குலச் சுற்றளவைத் தன் பிள்ளையின் மதிப்பெண் போலச் சொல்வான்.

குவின்சியின் மரம் இருபத்து மூன்று அடி ஒரு அங்குலம். அதில் முரட்டுத் திராட்சைக் கொடி ஒன்று ஏறியிருப்பது ஓடெலுக்குத் தெரியும். பயல் கொடியையும் சேர்த்து அளந்திருப்பான் என்று அடித்துச் சொன்னான். மனைவி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் புகார் எழுதிப் போட்டான். 'கொடி ஏறிய மரங்களை மறுபடி அளக்க வேண்டும்.' அவன் கையெழுத்தேதான்.

பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் டார்லா அம்மாள் ரப்பர் பூட்ஸோடு வந்தாள். குவின்சியும் கூட வந்தான். வெள்ளம் வடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மரங்களில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. கால் வைத்த இடமெல்லாம் புதைந்தது. குவின்சியின் மரத்தில் கொடியைத் தூக்கி, அடியில் டேப்பை நுழைத்து, நெஞ்சுயரத்தில் இழுத்தார்கள். இருபத்து மூன்று அடி ஒரு அங்குலம். முன்பும் அவன் அப்படித்தான் அளந்திருக்கிறான், பாவி.

"சரி, இப்ப உங்களுது," என்றாள் டார்லா. "கொடி ஏறின மரம்னுதானே எழுதியிருக்கீங்க?"

ஓடெலுக்குத் திக்கென்றது. தன் மரத்திலும் கொடி உண்டு. தொட்டால் தோல் வெந்துபோகும் அரிப்புக்கொடி, மணிக்கட்டுக் கனத்தில் நாலைந்து. முதன்முதலில் அளந்த அன்று டேப்பை அதற்கு மேலேதான் போட்டான். சொல்லிச் சொல்லி அந்த அளவு அவனுக்கே நிஜமாகிவிட்டது.

மரத்தடியில் குவின்சி பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். முந்தைய மரத்தில் அவன் அதை எடுக்கவே இல்லை. அப்போதுதான் ஓடெலுக்கு ஞாபகம் வந்தது. அன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் குவின்சிதான். அதன்பின் இரண்டு வாரம் கையெல்லாம் கொப்புளம். கட்டுப்போட்டுக்கொண்டு திரிந்தவனைச் சோம்பேறி என்று கிண்டல் செய்ததும் ஓடெல்தான்.

கொடிக்கு அடியில், பத்தொன்பது வருடம் வளர்ந்த பிறகும், இருபத்திரண்டு அடி நாலு அங்குலம்தான். டார்லா எழுதிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்றான் ஓடெல்.

"கை வெந்தவனுக்குத் தெரியாதா மச்சான்?"

"ஏன்டா சொல்லல?"

குவின்சி டேப்பைச் சுருட்டினான். "பஸ்ஸ விட்டா உனக்கு வேற என்ன இருந்துச்சு? அன்னிக்குத்தான் நீ சிரிச்சு பார்த்தேன். விட்டுட்டேன்."

அவன் கத்தியிருந்தால், ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தால், ஓடெல் தாங்கியிருப்பான். மரத்தில் தோற்றதைக்கூட ஒருநாள் ஜீரணித்திருப்பான். பத்தொன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதிலும் அவனே பெரியவனாகிவிட்டான்.