பூட்டாத ஹெல்மெட்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பீடோங் பக்கம் யார் புதுக் கார் வாங்கினாலும், விலை பேச எங்கள் தோட்டத்து லாரி ஓட்டுநர் அண்ணனைத்தான் அழைத்துப் போவார்கள். பெரிய மீசை, இஸ்திரி போட்ட சட்டை. விலை ஒத்துவராவிட்டால் எழுந்துபோய், தன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். தாடைக்கு அடியில் வாரை மட்டும் பூட்ட மாட்டார். அதற்குள் கடைக்காரர்கள் ஓடிவந்து கூப்பிட்டுவிடுவார்கள்.

பேசவே கூச்சப்படும் நானும் கார் வாங்க அவரை அழைத்துப் போனேன். அன்று அவர் வெளியே போய் வெகுநேரமாகியும் யாரும் கூப்பிடவில்லை. விற்பனையாளர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியே பார்த்தேன். அண்ணன் மெதுவாக வாரைப் பூட்டினார்.

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன். அவரக் கொஞ்சம் கூப்பிடுங்கலா," என்றேன்.

விற்பனையாளர் ஓடினார். "அண்ணே, வாங்கலா, பேசிக்கலாம்!"

உள்ளே வந்தவர் என் தோளைத் தட்டினார். "பாத்தியா தம்பி? கூப்பிடாம எங்க போவான்?" ஒரு குடையையும் இலவசமாகக் கேட்டு வாங்கினார்.

விலை முடிந்ததும் எப்போதும் விலைத்தாளை முதலில் வாங்கிப் படிப்பவர், அன்று அதைக் கேட்கவே இல்லை. ஏன் என்று கேட்க எனக்கும் இன்றுவரை வாய் வரவில்லை.

எழுதியது தைப்பூசத்துக்கு மறுநாள்.