ஹால்வார்ட் விளக்கிச் சொன்ன வெளிச்சங்கள்

ஸ்கார்விக் தீவில் வானத்தில் எது மினுங்கினாலும் ஜனங்கள் முதலில் கூப்பிடுவது ஹால்வார்டைத்தான். போலீஸ் அப்புறம். போலீஸ்காரரே ஒருமுறை, தலைக்கு மேல் ட்ரோன் நிற்கிறதென்று நாற்பது நிமிஷம் வெள்ளிக்கோளைக் காவல் காத்துவிட்டு, கடைசியில் ஹால்வார்டைத்தான் கூப்பிட்டார்.

ஹால்வார்ட் பயணிகள் படகில் இயந்திரம் பார்த்தவர். வானத்தையும் பழுதுக்கு வந்த இயந்திரம் மாதிரிதான் பார்ப்பார். நேரம், திசை, நிறம், பார்த்தவர் பெயர், உண்மையில் அது என்ன என்று நோட்டில் ஐந்து கட்டம் போட்டிருந்தார். தேவதை வந்தது என்று சொன்னவர்களுக்கு வியாழன் கோள். பறக்கும் தட்டு என்றவர்களுக்கு மீன் தொழிற்சாலை விளக்கு. வடதுருவ ஒளி வானம் முழுக்கப் பச்சையாய்ப் புரளும்போது மனைவி, “எவ்ளோ அழகா இருக்கு!” என்றால், “ஆக்சிஜன். நூறு கிலோமீட்டர் உயரம்” என்பார். அந்த அம்மாள் இருபத்தாறு வருஷம் அதைக் கேட்டுவிட்டுத்தான் இறந்தார்.

அந்த ஒளியைப் பார்த்து வெள்ளைத் துணி ஆட்டினால் அது இறங்கி வந்து பிள்ளைகளைத் தூக்கிப் போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. மகள் குன்வோருக்கு எட்டு வயதானபோது கையில் தலையணை உறையைக் கொடுத்து, வெளியே நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆட்டச் சொன்னார். ஒளி தூக்கிப் போகவில்லை. மூன்று விரல் நுனி குளிரில் உறைந்து தோல் உரிந்தது.

“பாத்தியா, ஒண்ணும் ஆகல” என்றார் ஹால்வார்ட்.

குன்வோர் டிரான்ட்ஹெய்ம் நகரில் ஒளியை அளக்கும் கருவிகள் செய்யும் பொறியாளர் ஆனாள். வேறு என்ன ஆகியிருக்க முடியும்?

டிசம்பர் ஒன்பது. சூரியன் அந்த வருஷத்துக்கு விடைபெற்று இரண்டு வாரம் ஆகியிருந்தது; பகலிலும் இருட்டுதான். பிற்பகல் மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு சூல்ஃப்ரித் போன் செய்தாள். ஏதோ வெளிச்சம் என்றாள். எழுபத்தொன்பது வயது ஹால்வார்ட் கோட்டை மாட்டிக்கொண்டு, திசைகாட்டியும் நோட்டுமாகக் கடல் ஓரம் போனார். திரும்பும் வழியில் சூல்ஃப்ரித் வீட்டு வேலிக்கு முப்பது அடி முன்னால் இதயம் நின்றது. நோட்டில் கடைசி வரி: 15.10. தென்மேற்கு. சிவப்பு, நகரவில்லை. சூல்ஃப்ரித். ஐந்தாவது கட்டம் காலி.

ஊருக்கு அது போதும். எல்லாவற்றையும் விளக்கியவரை விளக்க முடியாத வெளிச்சம் கொண்டுபோய்விட்டது. விடுதிக்காரர் கெத்தில் இரண்டே நாளில் வாசலில் பலகை வைத்தார்: ‘ஹால்வார்டின் வெளிச்சம் – தினமும் மாலை நான்கு மணிக்கு வழிகாட்டியுடன்.’

அடக்கத்துக்கு வந்த குன்வோர் நேரே விடுதிக்குப் போனாள். “பலகைய எடுங்க.”

“உங்கப்பா முப்பது வருஷம் என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டாரு. வந்த டூரிஸ்ட்டுங்ககிட்ட எல்லாம் ‘அது வெறும் மேகம், போய்த் தூங்குங்க’ன்னு சொன்ன மனுசன். இப்பதான் முதல் தடவையா உதவி பண்ணியிருக்காரு.”

“செத்து.”

“நான் அப்படிச் சொல்லலம்மா” என்று கெத்தில் தலையைச் சொறிந்தார். “வெள்ளிக்கிழமை அடக்கம் முடிஞ்சு காபி குடிப்போம்ல? அங்க வந்து அது என்ன வெளிச்சம்னு சொல்லு. சரியா இருந்தா நானே எடுக்கிறேன்.”

மூன்று நாள் இருந்தது. அப்பா பேய்க்கதை ஆகாமல் மண்ணுக்குள் போக வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அழுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணினியைத் திறந்தாள். காந்தமானிப் பதிவு: அன்று அமைதி, வடதுருவ ஒளி இல்லை. படகுகளின் நடமாட்டப் பதிவு: தென்மேற்கில் ஒன்றும் இல்லை. விமான நிலைய வானிலைப் பதிவு: மேகம் வானம் முழுக்க, இருநூறு மீட்டர் உயரத்தில், காலை முதல் இரவு வரை.

அந்த மேகத்துக்குக் கீழே நின்று அப்பா எதைப் பார்த்தார்?

நோட்டில் சூல்ஃப்ரித் பெயரில் இருந்த மற்ற வெளிச்சங்களையும் சரிபார்த்தாள். ஆறு வருஷத்தில் எழுபத்து நான்கு. அதில் அறுபத்தொன்று வானம் முழுக்க மூடிக்கிடந்த நாட்கள். அந்த அறுபத்தொன்றுக்கும் ஐந்தாவது கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. வியாழன். வெள்ளி. செயற்கைக்கோள். மறுபடி வியாழன். ஒரே ஒரு பொய் சொன்னதற்காக அவளை இரண்டு நாள் பேசாமல் ஒதுக்கி வைத்த அப்பாவின் கையெழுத்து.

நோட்டை எடுத்துக்கொண்டு சூல்ஃப்ரித் வீட்டுக்குப் போனாள். கிழவி அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

“வெளிச்சமே இல்ல, பொண்ணே.”

“எப்பவுமேவா?”

“ஆரம்பத்துல ரெண்டு மூணு இருந்துச்சு. உங்கம்மா போனப்புறம் அந்த ஆளு வீட்டை விட்டு வெளியவே வரல. காபிக்குக் கூப்பிட்டா, ‘வீட்ல காபி இருக்கு’ன்னாரு. வெளிச்சம்னு சொன்னா மட்டும் ஓடி வந்தாரு. போய்ப் பாத்துட்டு இங்க வந்து உக்காந்து, அது என்னன்னு எனக்கு விளக்கிச் சொல்லணும்ல? இந்த மேஜையிலதான் எழுதுவாரு. கூடவே மூணு துண்டு கேக்கும் உள்ள போகும்.”

“அவருக்குத் தெரியுமா?”

“மூக்கு நுனி தெரியாத பனியில வந்து நின்னு ‘வியாழன்’னாரு. தெரியாமலா?” சூல்ஃப்ரித் இப்போதுதான் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. “நான் கூப்பிடாம இருந்திருந்தா வீட்லயே இருந்திருப்பாரு. வெள்ளிக்கிழமை அதையும் சொல்லிரு. ஊருக்குத் தெரியட்டும்.”

குன்வோர் நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சபைக் கூடத்தில் காபியும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். பாதிரியார் சுருக்கமாகப் பேசினார். பிறகு எல்லோரும் குன்வோரைப் பார்த்தார்கள். கெத்தில் கோப்பையைக் கீழே வைத்தே விட்டார்.

அவள் எழுந்தாள். “படகு. மேகத்துக்குக் கீழ, படகோட சிவப்பு விளக்கு. தூரத்துல வந்ததால நகராத மாதிரி தெரிஞ்சிருக்கு.”

“எந்தப் படகு?” என்றார் கெத்தில்.

அவளுக்கு ஒரு பெயர்தான் ஞாபகம் வந்தது. “ஹாவெர்ன்.”

“ஹாவெர்ன் அக்டோபர்லருந்து கரையில கிடக்குதேம்மா. நான்தான் பெயிண்ட் அடிச்சிட்டிருக்கேன்.”

யாரோ சிரித்தார்கள். குன்வோருக்குக் காது சூடானது.

“ஹாவ்தீஸ்” என்றது சுவரோரத்திலிருந்து ஒரு குரல். சூல்ஃப்ரித் காபிக் கெண்டியோடு நின்றாள். “அதேதான். பொண்ணு பேரை மாத்திச் சொல்லிருச்சு. சின்னப் படகு, எந்தப் பதிவிலயும் வராது. அப்புறம் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தேன், துறைக்கு வந்துச்சு. கிழவனுக்கு மறுபடி போன் பண்ணிச் சொல்றதுக்குள்ள அவர் கிளம்பிட்டாரு.”

கூடம் முழுக்க ஏமாற்றம். படகாம். அதுவும் ஹாவ்தீஸாம். கெத்தில் கேக்கை வெறித்துப் பார்த்து, “சரி, எடுத்துர்றேன்” என்றார். செத்த பிறகும் அந்த மனுசன் தன் வியாபாரத்தைக் கெடுக்காமல் விடவில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

சூல்ஃப்ரித் மேஜை மேஜையாக வந்து, குன்வோரின் கோப்பையில் ஊற்றக் குனிந்தாள். காபி தட்டிலும் கொஞ்சம் சிந்தியது.

“உங்கப்பா உன்னவிட நல்லா பொய் சொல்லுவாரு” என்றாள் காதோரம்.