வெளுத்த நாவற்பழம்

எங்கள் கே.ஜி.கண்டிகை வீட்டுக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு. அதன் விளிம்பில் உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது ஒரு நாட்டு நாவல் மரம். ஆனி பிறந்தால் பழங்கள் தானாகக் கிணற்றுக்குள் விழும். ஆழத்தில் காய்ந்த பாறையில் ஒவ்வொரு பழமும் ‘தொப்’பென்று விழ, வீட்டுக்குள்ளிருந்து என் அப்பா, நைனா, “ஆங்... ஆங்” என்று பதில் சொல்வார்.

நைனாவுக்குச் சர்க்கரை முற்றிவிட்டது. கால் புண் ஆறவே இல்லை. தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர். கேட்கிற ஆளா? “என் மரம் பாத்துக்கும், நீ உன் வேலயப் பாரு” என்பார். மலையடிவாரத்தில் விற்கும் ஒட்டு நாவலைத் தொடவே மாட்டார். “அது சக்கரத் தண்ணி. இது கல்லுல காஞ்சி வளந்தது.” தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார். மை பூசினதுபோல் கறுத்திருக்கும். அந்தக் கறையில்தான் மருந்தே இருக்கிறதாம்.

போன வருஷம் கோடையிலேயே மழை கொட்டித் தீர்த்தது. கிணறு பாதிக்கு நிரம்பியது. பழங்கள் கட்டைவிரல் பருமனுக்குத் தொங்கின. அவை தண்ணீரில் ‘களுக்’கென்று விழுந்தன, நைனா பதிலே சொல்லவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் ஒரு கைப்பிடி தின்று நாக்கை நீட்டினார். வெளுத்துக் கிடந்தது. நானும் தின்றுவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். துவர்ப்பும் இல்லை, கறையும் இல்லை. தின்றது நான்தானா என்றே தோன்றியது.

“மரம் என்னக் கைவுட்டுச்சும்மா” என்றார். குரலில் உயிரே இல்லை.

“அய்யோ நைனா, தண்ணி ஜாஸ்தியாயிடுச்சி. வேரு சொகமா குடிச்சிகினு கெடக்குது. காஞ்சாதான் பழத்துல துவர்ப்பும் கருப்பும் ஏறும்.”

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். “அப்போ இது வத்தற வரிக்கும் ஊசியப் போடு.”

போட்டேன். புண் ஆறத் தொடங்கியது.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சித்திரையிலேயே கிணற்றில் பாறை தெரிய ஆரம்பித்தது. வற்றிவிட்டால் நைனா ஊசியை நிறுத்திவிடுவார். அன்றிலிருந்து நைனா மதியம் கண்ணயர்ந்ததும் போர் மோட்டாரைப் போட்டு, ஹோஸைக் கிணற்றுக்குள் இறக்கிவிடுகிறேன். பாழுங்கிணற்றை நிரப்புகிறாள் பைத்தியக்காரி என்று ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

நேற்று ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் முதுகுப் பக்கம் கைத்தடிச் சத்தம். திரும்பினேன். நைனா, கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஊசி போடற நேரமாச்சே, வரலியா?” என்றார்.