கவிராயர் சூட்டிய பெயர்

கவிராயருக்கு நாக்கில் சனி என்பதை அவருடைய மனைவி கல்யாணமான புதிதிலேயே கண்டுகொண்டாள். முதன்முதலில் பேசியபோதே அவளுடைய பெயருக்குப் பொருள் சொல்லி, அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று விளக்கி, அதோடு ஒத்து ஒலிக்கும் ஏழெட்டுச் சொற்களை மூச்சுவிடாமல் அடுக்கிக் காட்டியவர் அவர். அப்போது அது அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் தன் மாமியார் பெயருக்கும் அதே மாதிரி அடுக்கினார். அதில் ஒரு சொல்லைக் கேட்டு மாமியார் ஒரு வருஷம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

அவர் கவிராயர் ஆனது எந்தச் சபையிலும் இல்லை, ஒரு சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஓட்டல்களின் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற இடம். அவருக்கு வேலை, வந்த துணியைத் தரம் பிரிப்பது. ரத்தக் கறை ஒரு பக்கம், எண்ணெய்க் கறை ஒரு பக்கம், வெறும் அழுக்கு ஒரு பக்கம். கை பிரித்துக்கொண்டே இருக்கும், வாய் சேர்த்துக்கொண்டே இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிற எவரும் அவர் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். பெயரைக் கேட்பார். மேசையைத் தாண்டும்போது அந்த ஆளுக்கு இன்னொரு பெயர் இருக்கும். புலவர்கள் இதை இயைபு என்பார்கள். சலவைக்கூடத்தில் இதற்கு ரைமிங் என்று பெயர். இஸ்திரி உருளையில் நிற்கிற நெட்டை அக்கா அப்படித்தான் ஏணி ஆனாள். கொதிகலன்காரர் சட்டி ஆனார். தனக்கு மட்டும் ராயர் பட்டம். அதை வைத்ததும் அவரேதான் என்று ஒரு பேச்சு உண்டு.

விரிப்புகளை மடிக்கிற வேலைக்கு மடிப்புக்காரர் வந்த அன்றைக்கு, லாரியிலிருந்து இறக்க ஆள் போதாமல், வாசலில் நின்றவர் தோளில் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டார்கள். ஆள் ஒல்லி. மூட்டை அவரை விடப் பெரியது. அதைச் சுமந்துகொண்டே மேசைக்கு வந்து, பெயர் கேட்டதும் முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ‘தி’ என்று முடிகிற அழகான பெயர். உதிக்கிற சூரியன் என்று பொருள், நல்ல பழைய சொல். கவிராயர் அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாயெடுத்தார். அதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"பேருக்கேத்த பொதி" என்றார்.

கூடம் சிரித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லோர் வாயிலும் அதுவே பெயராகிவிட்டது. பொதி, அந்த விரிப்பைப் பிடி. பொதி, டீ ஆறுது. யார் எந்த மெஷினில் என்று பலகையில் சாக்பீஸால் எழுதுகிற சூப்பர்வைசர்கூட "மடிப்பு மேசை – பொதி" என்றே எழுதினார். கழுதைமேல் ஏற்றுகிற சுமையின் பெயரை ஒரு மனிதருக்கு வைத்துவிட்டு, அவர் ஓய்வு பெறுகிற வயது வரைக்கும் அப்படியே கூப்பிட்டார்கள். மடிப்புக்காரரும் கூப்பிட்ட குரலுக்கு வந்தார். பிடிக்காமல் இருந்தால் வருவாரா என்பது கவிராயரின் கட்சி.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஓய்வு பெற்றாலும் கவிராயர் நாலு வரி எழுதுவார். முதல் வரியில் சொந்தப் பெயரின் பொருள், அடுத்ததில் அது வந்த கதை, மிச்சத்தில் அந்த ஆளின் வேலை, எல்லாம் அந்தப் பெயரோடு ஒத்து முடிய வேண்டும். கழித்துப் போட்ட விரிப்பில் நல்ல இடமாகப் பார்த்து ஒரு சதுரம் வெட்டி, ஓரம் தைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்து, துணிகளுக்குக் குறி போடுகிற அழியாத மையில் எழுதிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். ஏச்சுக்கு வைத்த பெயரைக் கடைசி நாளில் கழுவிவிடுகிற ஏற்பாடு என்று கவிராயர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மடிப்புக்காரரின் முறை வந்தது. பொருள் கையில் இருந்தது, வந்த கதை இல்லை. கேட்டால் அவர், "அதெல்லாம் எதுக்குப்பா, ஏதாவது எழுது" என்று நழுவினார். விடுவாரா கவிராயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

மடிப்புக்காரர் கடைக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி கதவைத் திறந்து, யார் என்று இவர் சொல்வதற்குள், "நீங்கதானே கவிராயர் அண்ணன்? வாங்க, வாங்க. உங்களப் பத்திச் சொல்லாத நாளே இல்ல" என்றாள்.

சின்ன வீடு. நாற்காலி முதுகில் போட்டிருந்த துண்டுகூட ஓரத்துக்கு ஓரம் பிசகாமல் மடித்திருந்தது. கவிராயர் வந்த காரியத்தைச் சொன்னார். அந்த அம்மாள் டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இவருக்கு முன்னாடி பொறந்தது ரெண்டும் ராத்திரில பொறந்து விடியறதுக்குள்ள போயிடுச்சாம். இவரும் ராத்திரிலதான் பொறந்தாரு. என் மாமியார் புள்ளையைப் பாக்காம ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம், பாக்க பயந்துக்கிட்டு. வெயில் வந்து கட்டில் மேல விழுந்தப்புறமும் புள்ள அழுவுற சத்தம் கேட்டுச்சாம். அதான் அந்தப் பேரு. வேற யாரும் யோசிக்கவே இல்லையாம்."

கவிராயர் தலையாட்டினார்.

"அவருக்கு அந்தப் பேரு மேல அவ்ளோ பெருமை அண்ணே. வீட்ல யாரும் சுருக்கிக் கூப்பிடக் கூடாது. வேலை செய்யற எடத்துல சின்னவங்க பெரியவங்க எல்லாருமே முழுப் பேரும் சொல்லித்தான் கூப்பிடுவாங்களாமே. நீங்க மொத நாளே பேரைக் கேட்டுட்டு, இப்படி ஒரு பேரை நான் கேட்டதே இல்லன்னு சொன்னீங்களாம். அதைக் கேட்டுத்தான் எங்க பொண்ணு அவ புள்ளைக்கும் அதையே வச்சா."

உள்ளறையில் தூங்கி எழுந்த குழந்தை சிணுங்கியது. "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் அந்தப் பெயரை, அதன் எல்லா எழுத்துகளும் இனிக்க, நீட்டி அழைத்தாள். அவள் முடித்த இடத்தில் கவிராயரின் நாக்கு, பல்லுக்குப் பின்னால், தானாகவே "பொதி" என்று ஒட்டவைத்தது. யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. கூசிப்போனார். டீயை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"விழாவுக்கு நாங்க எல்லாரும் வர்றோம்ண்ணே. இத்தன வருஷத்துல அந்த எடத்துக்கு எங்களக் கூட்டிட்டுப் போனதே இல்ல, எப்பக் கேட்டாலும் ஒரே தூசின்னுடுவாரு. பொண்ணு, மாப்பிள்ளை எல்லாரும் வர்றாங்க" என்றாள் வாசல் வரை வந்து.

வீட்டுக்குப் போன கவிராயர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினாள். வழக்கமாக இந்த மாதிரி வாய்ப்புக் கிடைத்தால் அவள் விடமாட்டாள். அன்றைக்கு அதிகம் பேசவில்லை.

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாதுன்னு சொல்லுவாங்க" என்றார் இவர், யாருக்கோ சொல்வது போல.

"ஊர் வாயைத் தொறந்து விட்டது யாரு? போய் மூடிட்டு வாங்க" என்றாள்.

மறுநாளிலிருந்து அவர் ஒவ்வொரு மெஷினாகப் போய் நின்றார். அதுவரை அவரிடம்தான் மற்றவர்கள் பயந்து நிற்பார்கள், என்ன பெயர் வந்து விழுமோ என்று. இப்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விழா அன்றைக்கு ஒரு நாள் மட்டும், வீட்டு ஆட்கள் இருக்கிற வரைக்கும், அந்தப் பெயர் யார் வாயிலும் வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். பிழியும் மெஷினில் நிற்பவர், "பொதிக்குப் பேரு வேற இருக்கா?" என்று நிஜமாகவே கேட்டார். சொல்லிக்கொடுத்தார். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "வாய் சுளுக்குதுப்பா" என்றார் அவர். கொதிகலன்காரர், "ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழனிப் பானையில விழுந்த கதையால்ல இருக்கு" என்று சிரித்தார். சிரிக்கட்டும் என்று கவிராயர் நின்றுகொண்டிருந்தார்.

இஸ்திரி அக்காவிடம் வந்தபோது அவள் உருளையை நிறுத்தவில்லை. விரிப்பின் இரண்டு மூலைகளையும் இழுத்து விட்டுக்கொண்டே, "சரி, சொல்லல. அப்ப இந்த ஏணியை எப்ப எறக்கப் போறீங்க?" என்று கேட்டாள். வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த மெஷினுக்கு நகர்ந்தார். அந்தக் கூடத்தில் இன்னும் எத்தனை பேரிடம் அதே கேள்வி இருக்கிறது என்பதை நினைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

விழா நாள். ஷிப்ட் மாறுகிற இடைவேளையில் மடிப்பு மேசைகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். டீயும் பிஸ்கட்டும். முன்வரிசையில் மடிப்புக்காரர், பக்கத்தில் மனைவி, மகள், மருமகன், மடியில் பேரன். பலகையில் இருந்த சாக்பீஸ் எழுத்தைக் கவிராயரே காலையில் வந்து ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தார். ஒரே ஒரு வாய், பழக்க தோஷத்தில் ஒரே ஒரு தரம் தவறினால் போதும், அந்த மனிதர் வீட்டில் இத்தனை காலம் கட்டிக் காத்தது அத்தனையும் தரைமட்டம்.

யாரும் தவறவில்லை. மேனேஜர் எழுந்து, தாளைப் பார்த்து, முழுப் பெயரையும் ஒழுங்காகப் படித்து முன்னால் அழைத்தார்.

மடிப்புக்காரர் எழவில்லை. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். மேனேஜர் இன்னொரு தரம் அழைத்தார். மனைவி முழங்கையால் இடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "மெஷின் சத்தத்துல காது போயிடுச்சும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து போனார். வீட்டார் சிரித்தார்கள். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. கவிராயருக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

பிறகு அவர் தன் வரிகளைப் படித்தார். "இருட்டில் பிறந்து தாய்க்கு விடியல் சொன்ன சேதி, இங்கே வெளுத்த வெள்ளையில் இவர் உழைப்பு பாதி" என்று போனது பாட்டு. கை தட்டினார்கள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் சட்டத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள்.

வீட்டார் டீ குடிக்கும் நேரத்தில் மடிப்புக்காரர் தன் அலமாரியைக் காலி செய்யப் போனார். கவிராயரும் பின்னாலேயே போனார். ஒரு பழைய சட்டை, சீப்பு, இரண்டு துண்டு. ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே மடிப்புக்காரர், "எல்லார்கிட்டயும் சொல்லி வச்சியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"நல்லதாப் போச்சு. வீட்ல சந்தோஷப்பட்டாங்க."

கவிராயர் மன்னிப்புக் கேட்க வந்தவர்தான். ஆனால் கேட்க வந்த இடத்திலும் பாதிப் பாரத்தை அடுத்தவர் தலையில் இறக்கி வைக்கத்தான் மனசு பார்க்கிறது.

"தப்புதான்டா. ஆனா ஒரு வார்த்தை, அப்பவே, அப்படிக் கூப்பிடாதடான்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்."

"சொன்னேன்" என்றார் மடிப்புக்காரர்.

"எப்ப?"

"வந்த புதுசுல. சாப்பாட்டு நேரத்துல, எல்லாரும் இருந்தாங்க. அந்தப் பேரு வேணாம்ப்பா, மனசுக்கு நிம்மதியா இல்லன்னேன். நீ அதுக்கும் ஒரு ரைமிங் போட்ட. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் நான் சொல்லல."

கவிராயர் யோசித்துப் பார்த்தார். சுத்தமாக நினைவில்லை. "என்ன போட்டேன்?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

மடிப்புக்காரர் கடைசித் துண்டை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, ஓரத்தைக் கையால் நீவிவிட்டார். பிறகு குரலில் ஏற்றம் இறக்கம் இல்லாமல் சொன்னார்:

"பொதிக்கு ஏதுடா நிம்மதி? ஏறுனா கழுதை, எறங்குனா மிதி, அதாண்டா உன் விதி."

கேட்டவுடன் கவிராயரின் மனதில் முதலில் பட்டது, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்பது. அப்புறம்தான் மற்றதெல்லாம் பட்டது. அந்த முதல் நொடியை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.