வின்ச்சில் சுற்றிய நீலக் கயிறு

இரும்புக் கம்பிக் கயிற்றை எனக்குப் பிடிக்காது. எனக்கு முன்னால் தேயிலை எஸ்டேட்டின் போர்வீல் ஜீப்பை ஓட்டியவருக்கு இடது கண் போனது அதனால்தான். சேற்றில் மாட்டிய லோரியை இழுக்கும்போது வண்டி முகப்பில் இருக்கும் வின்ச் இயந்திரத்தின் கம்பி அறுந்து, திரும்பி வந்து முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகும் அதே மாதிரி இன்னொரு கம்பியை வாங்கிச் சுற்றி, வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

கம்பிக்குப் பதிலாக நூல் கயிறு போடுங்கள் என்று ஆபீசுக்குப் போய்க் கத்தினேன். நூல் கயிறு வேண்டாம், எலி கடித்துவிடும் என்றார் எஸ்டேட்டை நடத்தும் துரை. அவர் எந்தச் சேற்றில் இறங்கியிருக்கிறார்? இரண்டு வருஷம் நச்சரித்த பிறகு சம்மதித்தார்கள். அதிலும் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி வாங்கி வந்தது கடையில் இருந்ததிலேயே மெல்லிசான கயிறு. கொழுந்து லோரியின் பாரத்துக்கு இது காணாது, உன் வீட்டில் துணி காயப்போடு என்று திருப்பிக் கொடுத்தேன். நானே ஈப்போ வரை போய், வின்ச் இழுப்பதைப்போல இரண்டு மடங்கு தாங்கும் நீலக் கயிறாகப் பார்த்து எடுத்தேன். கம்பி உரசிப் பள்ளம் விழுந்திருந்த உருளைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கயிறு வெளியே வரும் இடத்தில் வழவழப்பான அலுமினிய வாய் போட்டேன். பழைய உருளையில் விட்டால் புதுக் கயிறு ஒரே மாதத்தில் நார் நாராகிவிடும்.

அந்தக் கயிறு அறுந்தாலும் கம்பியைப்போல ஆளைத் தேடி வந்து அடிக்காது. ஆனால் மண்ணைத் தாங்காது. நாருக்குள் மணல் புகுந்தால் உள்ளிருந்தே அறுக்கும். அதனால் சனிக்கிழமைதோறும் முழுக் கயிற்றையும் உருவி, தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, முனைக்கு முனை கையால் தடவிப் பார்ப்பேன். பெண்டாட்டிக்கு ஒருநாளாவது இப்படித் தலை துவட்டிவிட்டிருப்பானா என்று எங்கள் லயத்து வீடுகளில் சிரிப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே என் கயிறு எனக்குத் தெரியும் என்று நானும் பீற்றிக்கொள்வேன்.

போன வருஷம் மாரியம்மன் திருவிழா வந்த சனிக்கிழமை மட்டும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நல்ல மழை. கொழுந்து ஏற்றிய லோரி மண்பாதையில் வழுக்கி, பின்சக்கரங்கள் சரிவில் இறங்க, முன்பக்கம் மட்டும் பாதையில் நின்றது. ஓட்டியவன் என் மச்சான், மனைவியின் தம்பி. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று அவனை உள்ளேயே இருக்கச் சொன்னேன். கயிற்றை மாட்டி, அதன்மேல் நனைந்த சாக்கைப் போட்டு, மற்றவர்களைத் தள்ளி நிற்க வைத்தேன். வின்ச் இழுத்தது. லோரி அரை அடி ஏறியிருக்கும். பட்டென்று ஒரு சத்தம், கயிறு சாக்கோடு தரையில் விழுந்தது. லோரி அவனோடு பின்னால் போனது.

மூன்று வரிசைத் தேயிலையை நசுக்கிக்கொண்டு போய், ஒரு பட்ட மரத்தின் அடிக்கட்டையில் முட்டி நின்றது. கட்டைக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். சறுக்கிக்கொண்டே இறங்கி, கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்துப்போட்டேன். உதடு கிழிந்திருந்தது, வேறு அடி இல்லை. இவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இவன் அக்கா முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

மேலே வந்து அறுந்த முனையை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து பஞ்சாகியிருந்தது. பிரித்தால் உள்ளே பொடிக்கல்லும் மஞ்சள் தூளும். மச்சான் கோயில் கமிட்டியில் இருப்பவன். நான் கேட்பதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டான்.

கோயிலின் தேர் வடத்தை எலி கடித்துவிட்டதாம். எனக்குத் தெரியாமல் கிராணியிடம் இருந்த இன்னொரு சாவியை வாங்கி, என் கயிற்றை உருவி, மஞ்சள் பூசி, மஞ்சள் துணி சுற்றித் தேரில் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மேலாகத் துடைத்து, ஒன்றும் நடக்காத மாதிரி வின்ச்சில் சுற்றிவிட்டார்கள். கேட்டால் நான் தரமாட்டேன் என்று தெரியுமாம். கமிட்டியை, கிராணியை, அவனை, ஒருத்தரையும் விடாமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"சாமி காரியம்லா மாமா. ஒரு நாளு இழுத்தா என்னா ஆயிரப் போவுதுன்னு நெனச்சேன்."

"நீ செத்திருப்படா" என்று கையை ஓங்கினேன்.

அவன் நகரவில்லை. உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நீங்களுந்தானே வடம் புடிச்சீங்க? மொத ஆளா."

பிடித்தேன்தான். கோயில் வாசலிலிருந்து ஆஸ்பத்திரி லயம் வரை தார் ரோட்டில் அது தரையில் புரளப் புரள, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். இன்னும் வேகமாக இழுங்கள் என்று மற்றவர்களை அதட்டியதும் நான்தான்.