இருக்கையின் உயரம்

எலோய்சா மயெஸ்டாஸ் ஐம்பத்தொன்பது வயதில் தன் பிக்கப் வண்டியைத் தரையோடு படுக்க வைக்கப் போகிறாள் என்ற செய்தி, அவள் தாச்சோவின் பட்டறையிலிருந்து வீடு போய்ச் சேருமுன்பே எஸ்பனோலா ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் வண்டியைத் தாழ்த்துவது புதிதல்ல. ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தாழ்ந்த வண்டிகள் வரும். ஆனால் அவற்றை ஓட்டுவது ஆண்கள், அல்லது ஆண்களுக்குச் சவால் விடும் இளம்பெண்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடமாகக் கரண்டி பிடிக்கிற, கடைக்காரன் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூடத் திருப்பிக் கேட்காமல் வந்துவிடுகிற எலோய்சா இதில் எங்கே வந்தாள் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை.

"ஈஸ்டர் ஊர்வலத்துல ரிவர்சைடு ரோட்டுல எங்களை எல்லாம் முந்தப் போறியா, தியா?" என்று கேட்டான் லியோ. தாச்சோவிடம் வெல்டிங் வேலை பார்க்கிறவன். உறவில்லாவிட்டாலும் அந்தப் பக்கத்தில் வயதான பெண்கள் எல்லோரும் தியாதான், அத்தைதான். "தலைக்கு ஸ்கார்ஃப், கருப்புக் கண்ணாடி, ரெண்டும் வாங்கியாச்சா?"

"வாங்கணும்" என்று சொல்லிவிட்டு எலோய்சா பட்டறை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

அவள் வேறு காரணம் சொல்லவில்லை. சொன்னால் அது அன்றைக்கே ஃபெர்மினின் காதுக்குப் போய்விடும்.

ஃபெர்மின் அவள் கணவன். மாவட்டச் சாலைத் துறையில் இருபத்தாறு வருடம் மண்ணைச் சமன்படுத்தும் கிரேடர் ஓட்டியவன். மூன்று வருடத்துக்கு முன் சொந்த வீட்டுக் கூரைக்குத் தார் பூசும்போது விழுந்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதைக்கூட அவன் எப்படியோ தாங்கிக்கொண்டான். சக்கர நாற்காலியில் தோட்டத்துக்குப் போவான், வாய்க்கால் கூட்டத்துக்குப் போவான், யார் முறை தண்ணீர் என்று சண்டையும் போடுவான். போன ஆகஸ்டில், கோயில் திருநாள் முடிந்து கிளம்பும்போது, தம்பி மகன்கள் இரண்டு பேர் அவனை அக்குளில் ஒருவன், காலில் ஒருவன் எனப் பிடித்து வண்டியில் தூக்கிப் போட்டார்கள். நல்ல பிள்ளைகள், உதவிதான் செய்தார்கள். ஆனால் தூக்கின தூக்கில் கால்சட்டை முட்டிவரை இறங்கிவிட்டது. கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் அவசர அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தப் பார்க்காததைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும், "இனி என்னை எவனும் மிளகாய் மூட்டை மாதிரி தூக்க வேண்டாம்" என்றான். அதன் பிறகு வாசல் தாண்டவில்லை. ஐந்து மாதம் ஆயிற்று. வாய்க்கால் கூட்டத்தில் அவன் இடத்துக்கு வேறொருவனை எழுதிக்கொண்டார்கள்.

எலோய்சா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. கண்ணால் பார்த்துத்தான் எல்லாம் கற்றாள். ஃபெர்மின் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு எப்படி மாறுகிறான் என்பதையும் அப்படித்தான் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவே வழவழப்பான பலகை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கிப் போவான். கட்டில் மெத்தை பழசு, நடுவில் அமுங்கியது. அதனால் போவது சுலபம். திரும்பி வரும்போதுதான் மூச்சு வாங்கும், பல்லைக் கடிப்பான். அவள் அப்போதெல்லாம் அடுத்த அறையில் துணி மடிப்பதுபோல் இருப்பாள்.

பிறகு ஒரு நாள் மெத்தைக்கு அடியில் ஒரு பலகை வைத்தாள். நாலு நாள் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒன்றை எடுத்தாள். மூன்று வாரத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓர் அங்குலம் இறக்கமாக இருந்தால் ஃபெர்மின் எங்கேயும் தானாகப் போய்விடுவான். சமமாக இருந்தால் போராடிப் போவான். அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றமாக இருந்தால் முடியவே முடியாது. சக்கர நாற்காலி, மேலே போட்ட திண்டோடு, இருபத்திரண்டு அங்குலம். வண்டியின் இருக்கை இருபத்தேழரை. எந்தத் தாழ்ந்த வண்டியும் ஏறுவதற்கு உதவும், ஆனால் அவன் இறங்கவும் வேண்டுமே. ஏறும்போது இருக்கை நாற்காலியைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இறங்கும்போது உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இறக்கமாக இருக்கிற பாதை உலகத்தில் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே ஒரு சனிக்கிழமை பெட்ரோல் போடப் போனவள், பக்கத்தில் நின்ற ஒரு வண்டி புஸ்ஸென்று காற்றை விட்டுத் தரையில் அமர்வதையும், மறுபடி எழுந்து போவதையும் பார்த்தாள்.

தாச்சோ அவளுடைய சித்தி மகன். அவளை "ப்ரிமா" என்றுதான் கூப்பிடுவான், ஒன்றுவிட்ட சகோதரியை அழைக்கும் சொல். மூன்று சனிக்கிழமையில் பின்பக்க வேலையை முடித்துவிட்டான். பின்பக்கம் எப்போதும் சுலபம். முன்பக்கம்தான் சக்கரம் திரும்பவும் வேண்டும், எழும்பித் தாழவும் வேண்டும். அங்கேதான் தலைவலி.

"ரொம்ப யோசிக்காத, ப்ரிமா. பழைய ஸ்பிரிங்கை எடுத்துட்டு அந்த இடத்துல காத்து அடைக்கிற ஏர் பேக் வைப்போம். மத்ததெல்லாம் இருக்கிறது இருக்கட்டும். நாலரை அங்குலம் இறங்கும். பாக்க அம்சமா இருக்கும்."

"ஆறரை வேணும்."

"ஆறரையா? அதுக்கு ஸ்பிண்டிலையே மாத்தணும்." சக்கரத்தைத் தாங்கும் அந்த இரும்பு முழங்கையைக் காலால் தட்டிக் காட்டினான். "அச்சு ரெண்டு அங்குலம் மேல வச்ச மாதிரி ஒண்ணு வரும். அதைப் போட்டா வண்டி ரெண்டு அங்குலம் கூட இறங்கும். ஆனா உன் பழைய பதினாலு அங்குலச் சக்கரம் அதுல உக்காராது. எல்லாம் ஒண்ணைத் தொட்டு ஒண்ணு. ரெண்டு அங்குலம் யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

லியோ வெல்டிங் முகமூடியை நெற்றிக்குத் தள்ளினான். "பாரு, தியாவுக்குத்தான் ரசனை! என்னைக் கேட்டா வண்டியோட தரையையே வெட்டி, பாடியை இன்னும் மூணு அங்குலம் இறக்கிருவேன். சாலையில எறும்பு போனா அதுக்கு வணக்கம் சொல்லிட்டுப் போகலாம்."

எலோய்சா தலையாட்டினாள், வேண்டாம் என்று. "முழுசா ஏத்தினா எவ்வளவு மேல வரும்?"

தாச்சோ கை துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கிறேன். எல்லாரும் எவ்வளவு கீழன்னுதான் கேப்பாங்க. மேல எவ்வளவுன்னு கேட்ட முதல் ஆளு நீ."

"எங்க வாசல்ல வாய்க்கால் மேடு இருக்கில்ல."

"அது சரி. அந்த ஸ்பிண்டிலைப் போட்டா, இப்ப இருக்கிறதுக்கு ஒரு அங்குலம் கம்மியா வரும். மேட்டைத் தாண்டிரும். லியோ சொல்ற மாதிரி பாடியை வெட்டினா வயிறு மாட்டிக்கும்."

அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். கீழே இருபத்தொன்று. மேலே இருபத்தாறரை. நடுவில் நாற்காலி. "அதையே போடு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஸ்பிண்டிலும் அதற்கேற்ற பெரிய சக்கரங்களும் ஏறின. காற்றுப் பை இடம் பிடித்துக்கொண்டதால் ஷாக் அப்சார்பரை வெளியே தள்ளிப் பொருத்தினான். ஸ்பிண்டிலை மேலிருந்து பிடித்திருக்கும் கை, மேல் ஆர்ம், மட்டும் பழசு. தாச்சோ இரண்டு முறை ஏற்றி இறக்கிக் காட்டினான். வண்டி கிழட்டு நாய்போல் முனகிக்கொண்டு படுத்தது, எழுந்தது. லியோ கை தட்டினான்.

எலோய்சா கை தட்டவில்லை. சக்கர வளைவுக்குள் தலையை நீட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆர்ம் பையைத் தொடுது" என்றாள் மெல்ல.

"தொடாது, ப்ரிமா. ஒரு விரல் இடம் இருக்கு, பாரு."

பற்றவைக்கும் மேஜையில் கோடு போடுகிற சாக்கட்டி கிடந்தது. அதை எடுத்து, பையின் வயிற்றில் வெள்ளையாகப் பூசினாள். ரொட்டி மாவு ஒட்டாமல் இருக்க உருட்டுக்கட்டையில் மாவு தூவுகிற கை அது. "சக்கரத்தை முழுசாத் திருப்பி வச்சிட்டு இறக்கு."

தாச்சோ திருப்பினான், இறக்கினான், ஏற்றினான். டார்ச் அடித்துப் பார்த்தபோது மேல் ஆர்மின் உள்விளிம்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

தாச்சோ டார்ச்சை அணைத்தான்.

"ஊர்வலத்துக்கு வருஷத்துல நாலு நாள் இறக்கப் போற. இது உரசிப் பை கிழிய பத்து வருஷம் ஆகும்" என்றான் தாச்சோ. தோற்றுப்போன குரல்தான்.

"தினமும் நாலு தடவை இறக்குவேன்."

"தினமுமா? எதுக்கு?"

"எனக்குப் பிடிச்சிருக்கு."

தாச்சோ அவளை உற்றுப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்தே அவள் இப்படித் தரையைப் பார்த்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பெயராது என்று அவனுக்குத் தெரியும். "தினமும்னா இந்த ஆர்ம் ஆகாது" என்றான் கடைசியில். "அது நுனியில உருளுற பால் ஜாயின்ட்டும் அவ்வளவு கீழ வளைஞ்சு நிக்காது, ஒரு நாள் முறிஞ்சிரும். குழாய்ல செஞ்ச ஆர்ம் இருக்கு. உள்பக்கம் ஒல்லி, ஜாயின்ட்டையும் சாய்ச்சு வச்சிருப்பான். வரவழைக்கிறேன்."

புதிய ஆர்ம் வந்து, பூட்டி, மறுபடி சாக்கட்டி பூசிப் பார்த்தார்கள். இந்த முறை லியோவே பூசினான். கோடு விழவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை பிற்பகலில் எலோய்சா வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். வாய்க்கால் மேட்டில் முழு உயரத்துக்கு ஏற்றி, இடிக்காமல் தாண்டி, சமையலறைச் சரிவுப் பாதைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். அங்கே கிடந்த சரளையைப் போன வாரமே வாரி ஒதுக்கியிருந்தாள், கதவு மாட்டாமல் இருக்க. காற்றை விட்டாள். வண்டி படுத்தது. வண்டியின் வீட்டைப் பார்த்த கதவைத் திறந்து வைத்தாள், காற்றோட்டத்துக்குத் திறப்பதுபோல.

ஃபெர்மின் சரிவுப் பாதையில் பாதிவரை வந்து நாற்காலியை நிறுத்தினான்.

"ஊரே சிரிக்குதுன்னு என் தம்பி போன்ல சொன்னான். நான் நம்பல. கிழவி, உனக்கு என்ன ஆச்சு?"

"ஆசை."

"ஆசையாம்!" அவன் கழுத்தை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தான். இயந்திரத்தோடு வாழ்ந்தவனால் பார்க்காமல் இருக்க முடியாது. "முன்னாடி என்ன போட்ட?"

"ரெண்டு அங்குல ஸ்பிண்டில். மேல் ஆர்ம் புதுசு. பழசு பையை உரசுச்சு."

"தாச்சோ கண்டுபிடிச்சானா?"

"நான் பாத்தேன்."

அவன் மூக்கால் ஒரு சத்தம் செய்தான். அது பாராட்டு. "எவ்வளவு கீழ?"

"இருபத்தொண்ணு."

"இருபத்தொண்ணு அங்குலம் இறக்கினா வண்டி பாதாளத்துல இருந்திருக்கும். எதோட உயரம் இருபத்தொண்ணு?"

எலோய்சா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அவள் கண், இரண்டு மாதமாகப் பழகிய வழியே, இருக்கைக்குப் போய் அங்கிருந்து அவன் நாற்காலிக்கு வந்துவிட்டது.

ஃபெர்மினும் அதே வழியில் பார்த்தான். திறந்து கிடந்த கதவு. வாரி ஒதுக்கிய சரளை.

"என் நாற்காலி என்ன உயரம்?"

"இருபத்திரெண்டு. திண்டோட."

காற்று கொஞ்சம் மண்ணை வாரி அவர்கள் காலடியில் போட்டுவிட்டுப் போனது.

"கட்டிலுக்கடியில பலகை" என்றான் அவன். "வைக்கிறதும் எடுக்கிறதும். நீ எலிக்குப் பொறி வைக்கிறன்னு நினைச்சேன்."

அவள் வண்டிக் கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து வைத்தாள்.

"தாச்சோவுக்குத் தெரியுமா? எனக்காகன்னு?"

"யாருக்கும் தெரியாது. எனக்குக் கிழட்டுப் பைத்தியம்னு நினைச்சிட்டு இருக்காங்க."

"ரெண்டு மாசமாவா?"

"சிரிச்சிட்டுப் போறாங்க. என் கால்சட்டையா இறங்குச்சு?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபெர்மின் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு அவன் தோள் குலுங்கியது, சத்தமில்லாமல். ஏழு மாதத்தில் அந்தப் பேச்சை யாரும் அவனுக்கு முன்னால் எடுத்ததில்லை.

"இறங்கும்போது?" என்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருபத்திமூணுக்கு ஏத்திக்கலாம். அப்பவும் இறக்கம்தான்."

அவன் வெகுநேரம் அந்த இருக்கையையே பார்த்தான். "பலகையைக் கொண்டா" என்றான். அவள் கொண்டு வந்து கொடுத்தாள். "இப்ப நீ உள்ள போ."

உள்ளே போய் அடுப்புக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சிவப்பு மிளகாய்க் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. எதிர்ச்சுவரில் ஜன்னல் வெயில் சதுரமாக விழுந்திருந்தது. பலகை இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. மூச்சு. நல்ல கெட்ட வார்த்தை ஒன்று. அப்புறம் ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்க்காமல் இருப்பது அவள் வாழ்க்கையில் செய்த எந்த வேலையைவிடவும் கடினமாக இருந்தது. கரண்டியால் குழம்பைத் துழாவினாள், துழாவ வேண்டிய அவசியம் இல்லாத குழம்பை.

கதவு சாத்தும் சத்தம். பிறகு காற்று ஏறும் சத்தம், நீளமாக.

சுவரிலிருந்த வெயில் சதுரத்தின் அடியில் ஒரு நிழல் தோன்றி மெல்ல மேலே ஏறியது. வண்டியின் கூரை. எழுந்தது, நின்றது. அப்புறம் இறங்கியது. மறுபடி ஏறியது.

"கிழவி!" ஹார்ன் இரண்டு முறை அலறியது. "நாற்காலியை மடிச்சுப் பின்னாடி ஏத்து. யாரு ஓட்டுறது, உங்க அப்பனா?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நாற்காலியைப் பின்னால் வைத்துக் கயிறு கட்டினாள். ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து, காற்றின் சுவிட்சைத் தேடினாள். கம்பியோடு அது ஃபெர்மினின் மடியில் இருந்தது.

"அதைக் கொடு. மேடு வருது."

"மேடு வருதுன்னு எனக்குத் தெரியும்" என்றான் ஃபெர்மின். "இருபத்தாறு வருஷம் நான் போட்ட ரோடு. நீ ஸ்டியரிங்கைப் பாரு."