கொடியில் காய்த்த ஏலக்காய்

"முதல் எழுத்து மட்டும் காலி. 'அளவோடு இருந்தால்தான் நல்லது.' மருந்தா, விருந்தா? சொல்லுங்கண்ணே!"

கால் கிலோ மல்லி வாங்க வந்தவர் பையை விரித்தபடி நிற்கிறார். பதில் சொல்லாமல் மல்லி கிடைக்காது என்று தெரிந்தவர்தான். "மருந்து" என்கிறார்.

"மருந்துக்கு டாக்டரே அளவு சொல்லிருவாரு. விருந்துக்கு யாரு சொல்லுவா? விருந்துதான்!" என்று குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்பிவிட்டு, பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு சாந்தகுமாரி தராசைத் தூக்குகிறார்.

போடி கடைவீதியில் யோசேப்பு மளிகை என்றால் நாலு பேர் யோசிப்பார்கள். கட்டம் போடுற அம்மா கடை என்றால் ஜீப் டிரைவர் முதல் எல்லோரும் கை காட்டுவார்கள். கணவர் யோசேப்பு மிளகும் ஏலமும் வாங்க மலைக்குப் போய்விடுவார். கடை இவர் பொறுப்பு. வியாழக்கிழமை மதுரை பஸ்ஸில் வாரப்பத்திரிகைக் கட்டு வந்து இறங்கும்போது பெண்கள் யாரும் அந்த இடத்தில் நிற்பதில்லை. இவர் நிற்பார். கட்டைப் பிரிக்கும் வரைகூடப் பொறுக்க மாட்டார், கயிற்றுக்கு நடுவிலேயே ஒரு பிரதியை உருவிவிடுவார்.

குறுக்கெழுத்துப் போட்டியில் இவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, அதன் விடை. சென்னையில் யாரோ ஒருவர் முன்கூட்டியே விடைகளை எழுதி, உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்துவிடுகிறார். அந்த உறைக்குள் இருப்பதே சரி, ஆசிரியரின் தீர்ப்பே முடிவு என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும். "ஒட்டி வச்சுட்டா அது வேதமாயிருமா?" என்று வாரம் தவறாமல் கொதிப்பார். விடை வெளியாகும் நாளில் யோசேப்பு மலையிலிருந்து இறங்கினால், குழம்பில் உப்பில்லாவிட்டாலும் வாயைத் திறப்பதில்லை. மனிதர் விவரமானவர்.

இந்தச் சூட்டைத் தாங்கும் ஒரே கூட்டாளி சிலமலை ஜக்கையன். மலைச்சரிவில் கொஞ்சம் ஏலத் தோட்டம் வைத்திருக்கிறார். சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வந்து, சாக்கின் மேல் உட்கார்ந்து அக்காவோடு மல்லுக்கு நிற்பார். சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்ததும், இருவர் கூப்பனிலும் ஒரே விடையைத்தான் எழுத வேண்டும். அது சாந்தகுமாரி போட்ட சட்டம். "ஆளுக்கொரு விடை போட்டா அது யோசனையில்ல தம்பி, சூதாட்டம்" என்பார்.

போன பங்குனியில் ஒரு குறிப்பு வந்தது. 'வாசனைமிக்க ஏலக்காய் காய்ப்பது இதில்.' இரண்டாவது எழுத்து 'டி'. முதல் கட்டம் காலி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போடிக்காரர்களிடம் இதைக் கேட்பதா! விவாதமே இல்லாமல் 'செடி' என்று முடிந்தது.

சித்திரையில் விடை வந்தது. கொடி! கொடியில் காய்க்கும் மிளகையும் ஏலத்தையும் பிரித்தறியாத ஒருவர் அரக்கு வைத்து ஒட்டிய விடை. ஏலத்தைப் பார்த்தே வளர்ந்த ஊர் முழுக்கத் தோற்றுப்போயிருந்தது. சாந்தகுமாரி பென்சிலை உருவி அந்தக் 'கொடி'யை அடிக்கப் போனார். அடுத்த வரியைப் படித்ததும் பென்சில் பாதியில் நின்றுபோனது. எல்லா விடைகளும் சரி, பரிசு மேஜை மின்விசிறி: ஜக்கையன், சிலமலை.

சனிக்கிழமை ஜக்கையன் வந்தபோது அவர் உட்காரும் சாக்கு அங்கே இல்லை.

"உன் தோட்டத்துல நிக்கிறது என்ன தம்பி?"

"செடிதான்க்கா."

"கூப்பன்ல எழுதுனது?"

"பட்டணத்து ஆளு கொடின்னுதான் நெனப்பாருன்னு தோணுச்சு. நாம ஏலத்துக்கா விடை எழுதுறோம்? உறை ஒட்டுனவருக்குத்தானக்கா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எழுத விட்டிருக்க மாட்டீங்க."

"தெரியாம எழுதுனவன மன்னிச்சிரலாம். ஒம் பொண்டாட்டி நாள் பூராவும் குனிஞ்சு, செடியடியில கெடக்குற சரத்துலருந்து காய் பறிக்கிறா. நிமிர முடியாம ராத்திரி இடுப்பப் புடிச்சுக்கிட்டுக் கெடக்குறா. அவகிட்டப் போய்ச் சொல்லு, அண்ணாந்து கொடியில பறிக்கச் சொல்லி!"

ஜக்கையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். பிறகு கடைப்பக்கம் வரவில்லை. வியாழக்கிழமை கட்டத்தை சாந்தகுமாரி தனியாகத்தான் நிரப்பினார். மறுத்துப் பேச ஆளில்லாமல் சரியான விடைகூட அவருக்குச் சப்பென்று இருந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

வைகாசியில் ஜக்கையன் மின்விசிறியோடு வந்து நின்றார். "கடை வெக்கையா இருக்கேக்கா, நீங்க வச்சுக்கங்க."

"எடுத்துட்டுப் போ. அடுத்தாப்புல வர்றப்ப ஒரு செடி கொண்டா. வேரோட, சரத்தோட."

கொண்டுவந்தார். அடியில் சரமும் அதில் பூவும் பிஞ்சுமாக இருந்த ஏலத்தட்டை ஒன்று. சாந்தகுமாரி அதன் தலையைக் கழித்து, வேரை ஈரச் சாக்கால் பொதிந்து, கோணி ஊசியால் தைத்து, மேலே வெள்ளைத்துணி போட்டு, பத்திரிகை ஆபீஸ் விலாசத்தை எழுதினார். இருவரும் தபாலாபீசுக்கு நடந்தார்கள்.

"உள்ள என்ன இருக்குன்னு எழுதணும்" என்றார் பார்சல் வாங்குகிறவர்.

சாந்தகுமாரி பேனாவை ஜக்கையனிடம் நீட்டினார். "நீ எழுது. அனுப்புறவன் பேரும் ஒம் பேரா இருக்கட்டும். பரிசு வாங்குனவன்னு சேர்த்து எழுது."

"ஃபேனத் திருப்பிக் கேட்டுட்டா?"

"கேட்டா கொடு."

வீட்டில் மின்விசிறிக்கு எதிரே இடுப்பைக் கொடுத்துப் படுத்திருக்கும் மனைவியை ஜக்கையன் நினைத்திருக்க வேண்டும். பிறகு பேரை எழுதினார். ஊரை எழுதினார். பரிசு பெற்றவன் என்று எழுதினார். உள்ளே இருப்பது என்ற இடத்தில் 'ஏல' என்று எழுதி நிறுத்தினார். வரிசையில் பின்னால் நின்றவர் வெரசா ஆகட்டும் என்று முனகினார். ஜக்கையன் குனிந்து, பக்கத்தில் 'செடி' என்று அழுத்தி எழுதினார்.

சாந்தகுமாரி கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, அந்த 'செ'யைச் சுற்றி ஒரு கட்டமும் 'டி'யைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டார்.